மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

தமிழகத்தின் கம்பத்திலும் போடியிலும் விடியும் முன்பே ஜீப்புகள் புறப்படும். மெட்டு ஏறி, கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டங்களில் கூலி ஆட்களை இறக்கும். பொழுது சாய்ந்தால் வீடு. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்த பிறகும், இந்தத் தொழிலாளர்களுக்கு இரண்டு பக்கமும் சொந்த ஊர்தான்.

2020 மார்ச் 25-இல் தொடங்கிய கொரோனா ஊரடங்கில் கம்பம்மெட்டும் போடிமெட்டும் அடைபட்டன. கூலி நின்றது. அதைவிட, பழகிய காட்டில் அயலாராக நிற்க நேர்ந்ததுதான் எனக்குப் பெரிய வலியாகத் தெரிகிறது.

பாலக்காட்டிலும் இதேதான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சந்தை, ஆஸ்பத்திரி, சம்பந்தி வீடு எல்லாம் பொள்ளாச்சி, கோவைப் பக்கம். அந்த ஆண்டு மே மாதம் வாளையார் சோதனைச் சாவடியில் பாஸ் இல்லாமல் பலர் வெயிலில் தவித்தார்கள். ஊர் என்பது அடையாள அட்டையில் உள்ள முகவரியாகச் சுருங்கியது.

மறுபடி இப்படி நேராமலிருக்க, அன்றாடம் எல்லை கடப்போருக்கென நிரந்தர அனுமதி முறையை இரு மாநில அரசுகளும் இப்போதே எழுதி வைக்கலாமே!