கையெழுத்து போதாது, கூலிச் சீட்டிலிருந்து தொடங்குவோம்

(வயது வந்தோருக்குக் கற்பிக்க முன்வந்துள்ள இளைஞர்களுக்கான இணையவழிப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் செல்பேசி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேரடியாகவே பேசிவிடுகிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் நீங்கள் பாடம் நடத்தப் போகிறீர்கள். பதனிடும் ஆலையில் ஈரத்தோல் சுமப்பவர்கள், ஷூ கம்பெனியில் பசை தடவுபவர்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்து ஜோடிக் கணக்கில் கூலி வாங்கும் அம்மாக்கள் ஆகியோர்தான் உங்கள் மாணவர்கள். ஆதிதிராவிடர், அருந்ததியர், ஏழை முஸ்லிம்கள்.

'இவங்களுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை' என்று யாராவது உங்களிடம் சொன்னால் வரலாற்றை நினைவூட்டுங்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. தோல் பதனிடுபவரின் பிள்ளைக்கு அதன் பொருள் என்ன? தோல் தொட்டிதான். குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்துப் போராடினார். 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. அதற்கும் ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பு, 1855இல், ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் உழவர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் இரவுப் பள்ளி நடத்தினார்கள். ஆகவே நீங்கள் தர்மம் செய்யப் போகவில்லை. பறிக்கப்பட்ட ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள். அந்த நினைப்போடு போனால், நம்மைவிட இருபது வயது மூத்தவரை 'நீ, வா, போ' என்று பேச நாக்கு எழாது.

ஒன்றிய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், உல்லாஸ் என்ற பெயரில், 2022 முதல் 2027 வரைக்குமானது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எழுத்து, வாசிப்பு, கணக்கு கற்பித்து 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைக்கிறார்கள். நிதி, சட்டம், உடல்நலம் பற்றிய வாழ்க்கைத் திறன்களும் திட்டத்தில் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் கற்பிப்பவருக்கு ஊதியம் இல்லை, எல்லாம் தன்னார்வம். நடைமுறையில் என்ன ஆகும்? எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்ற கணக்கு முன்னால் வரும். பேர் எழுதத் தெரிந்தால் போதும் என்ற நிலைக்குப் பாடம் சுருங்கும்.

அங்கேதான் ஆபத்து. கைநாட்டு வைப்பவரிடம், 'படித்துக் காட்டினீர்களா?' என்று கேட்கவாவது ஒரு வழி இருக்கிறது. கையெழுத்து இருந்துவிட்டால், படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்றே எடுத்துக்கொள்வார்கள். 'கணக்கு முடித்துக்கொண்டேன், பாக்கி எதுவும் இல்லை' என்ற தாளிலும் கையெழுத்து விழும். குழுக் கடன் பத்திரத்திலும் விழும். வாசிக்கத் தெரியாதவருக்குக் கையெழுத்து மட்டும் சொல்லிக்கொடுத்தால், ஏமாற்றுபவனின் வேலையைத்தான் சுலபமாக்குகிறோம்.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது? 1990களில் தமிழ்நாட்டில் நடந்த அறிவொளி இயக்கத்தின் பாடநூல் 'பட்டா' என்ற சொல்லிலிருந்து தொடங்கியது. நிலம் இல்லாதவருக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு, அவர்களுடைய வாழ்க்கைச் சொற்களைக் கொண்டே 40 மணி நேரத்தில் எழுத்தறிவு ஊட்டினார். அடுத்த ஆண்டே ராணுவ ஆட்சி அவரைச் சிறையில் அடைத்தது. எழுத்து யாரைப் பயமுறுத்துகிறது என்று பாருங்கள்.

நம் வட்டாரத்தின் முதல் சொல் 'கூலி'. முதல் வாசிப்பு கூலிச் சீட்டு. முதல் கணக்கு பி.எஃப். பிடித்தம். பத்தாயிரம் ரூபாய் சம்பளம் என்றால் 12 சதவீதம், 1,200 ரூபாய். அதே அளவு முதலாளியும் கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 75 ரூபாய். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஓர் அக்கா, 'பிடிச்ச பணம் கட்டியாச்சா?' என்று கேட்பார். வீட்டில் தைப்பவர்களுக்குச் சீட்டே கிடையாது. அவர்களோடு ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, வாங்கிய ஜோடி, கொடுத்த ஜோடி, வந்த பணம். அந்த நோட்டுதான் அவர்களுக்குப் பாடநூல். தரகரிடம் பேசும்போது அதுவே சாட்சி.

ஆலைக்குள் வேலை செய்பவருக்கு ரசாயன டிரம்மில் எழுதியிருப்பதை வாசிப்பது உயிர்ப் பிரச்சினை. 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் செத்தார்கள். எழுத்தறிவு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். அது நிர்வாகத்தின் குற்றம். ஆனால் பாதுகாப்பு விதி என்ன, யாரிடம் புகார் எழுதுவது என்று தெரிந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், அந்த நிர்வாகத்தைக் கேள்வி கேட்க முடியும்.

அடுத்து, குடும்ப எழுத்தறிவு. 'தினமும் பிள்ளைக்குக் கதை படித்துக் காட்டுங்கள்' என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்வது சுலபம். ஜோடிக் கூலி குறைவாக இருக்கும் வீட்டில் பிள்ளையின் கையும் ஊசி பிடிக்கிறது என்பதை மறந்துவிட்டுச் சொல்லாதீர்கள். அந்த வீடுகளில் வங்கிக் குறுஞ்செய்தியை வாசிப்பதும், விண்ணப்பம் நிரப்புவதும் ஏற்கெனவே பிள்ளைகள்தான். அதையே பாடமாக்குங்கள். சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை விண்ணப்பம் இரண்டையும் அம்மாவும் மகளும் சேர்ந்து நிரப்பட்டும். பிள்ளை முன்னால் அம்மாவைத் திருத்தாதீர்கள், அவமானப்பட்டவர் மறுநாள் வர மாட்டார். உருதோ தெலுங்கோ பேசும் வீடுகளில் அந்த மொழியிலேயே பேசத் தெரிந்தவரைத் துணைக்கு வையுங்கள்.

இந்த இணையப் பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. நான் பேச நீங்கள் கேட்பது பயிற்சி ஆகாது. அடுத்த வாரம் ஒவ்வொருவரும் தன் வகுப்பில் பத்து நிமிடத்தை, கற்பவர்களிடம் அனுமதி கேட்டு, ஒலிப்பதிவு செய்து கொண்டுவாருங்கள். எங்கே நாமே பேசிக்கொண்டிருந்தோம், எங்கே அவர்கள் பேசினார்கள் என்று சேர்ந்து கேட்போம். பத்தாவது முடித்துவிட்டு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளையும் இங்கே அழைத்துவாருங்கள். இந்தத் தெருக்களுக்கு நம்மைவிட நல்ல ஆசிரியர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு மதிப்பூதியம் வேண்டும் என்று அரசிடம் கேட்போம். உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்வதைத்தான் இத்தனை காலமும் சாதி செய்தது. அதை எழுத்தறிவின் பெயரால் நாமும் செய்ய வேண்டாம்.

முதல் வகுப்புக்குப் போகும்போது கரும்பலகை இல்லையென்றாலும் பரவாயில்லை. ஒரு கூலிச் சீட்டை எடுத்துப் போங்கள்.