மணல்மேட்டுக்குப் பின்னால்: புந்தலவின் உப்பும் பூநாரையும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், மஹய்யாவயில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"புவியியல் படிப்பித்தவள்தானே, அரைமணித்தியாலம் ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டபோது, மலையைப் பற்றித்தான் பேசுவேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் பேசப்போவது கடற்கரை மணலைப் பற்றி. மஹய்யாவயில் நின்றுகொண்டு கடலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். 2025 மே மாதம் நம் வீடுகளில் என்ன நடந்தது? உப்புப் பைக்கற் ஒன்றுக்காக மஹய்யாவயிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை கடை கடையாக ஏறி இறங்கினோம். காலந்தவறிப் பெய்த மழையில் உப்பளங்கள் கரைந்துபோய், நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. அன்றைக்கு எனக்கு நினைவு வந்த இடம் புந்தல.

கண்டிக்கும் உப்புக்கும் உள்ள உறவு பழையது. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு இழந்தான். இழந்த கடலில் அவன் விடாமல் பிடித்துக்கொண்ட ஒன்று, தன் குடிகள் உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமை. மலைக்குள் நெல் இருந்தது, பாக்கு இருந்தது, மிளகு இருந்தது. உப்பு மட்டும் இல்லை. அது பொதிமாடுகளின் முதுகில் தவளமாக ஏறி வந்தது. அந்தத் தவளம் நடத்தியவர்களில் கண்டிச் சீமை முஸ்லிம்கள் பலர். என் உம்மம்மா சமையலில் கல்லுப்பைக் கிள்ளிப் போடும்போது ஒரு கல் கீழே விழுந்தாலும் குனிந்து எடுப்பார். "நடந்து வந்த சாமான் இது" என்பார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

1981 பெப்ரவரியில் எங்கள் உயர்தர வகுப்புப் புவியியல் டீச்சர் இருபத்திரண்டு பேரை ஒரு பழைய பஸ்ஸில் ஏற்றி, நுவரெலியா, எல்ல, வெல்லவாய, திஸ்ஸமஹாராம வழியாக அம்பாந்தோட்டைக்குக் கூட்டிப்போனார். பாதிப் பேருக்கு வழியெல்லாம் வாந்தி. இங்கே முன்வரிசையில் சிரிக்கிறவர்களும் அதில் அடக்கம்.

அங்கே முதலில் பார்த்தது மணல்மேடு. கடலுக்கும் களப்புக்கும் நடுவே மதில் மாதிரி நீண்டு கிடந்தது. அந்த மணல் கடலில் பிறந்ததல்ல. மலையில் பாறை உடைந்து, கிரிந்தி ஓயாவும் வளவை கங்கையும் அள்ளிக்கொண்டு போய்க் கடலில் கொட்டியது. அதை அலை கரைக்குத் தள்ள, காய்ந்த மணலைத் தென்மேல் பருவக்காற்று தூக்கிக் குவிக்கிறது. (நம் மகாவலியின் மணல் திருகோணமலைப் பக்கம் போகிறது, அதில் நாம் பங்கு கேட்க முடியாது. ஆனால் பண்டாரவளைப் பக்கம் இருக்கிற பழைய மாணவிகள் தாராளமாகக் கேட்கலாம்.) குவிந்த மணலைப் பறக்கவிடாமல் பிடிப்பது இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று தமிழ்ப் பாடத்தில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறோம். அந்தக் கொடியை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். ஊதாப் பூ, ஆட்டுக் குளம்பு போன்ற இலை, சுடுமணலில் முழம் முழமாக ஓடும் தண்டு. டீச்சர் ஒரு கொடியைத் தூக்கி, கணுவுக்குக் கணு இறங்கியிருந்த வேரைக் காட்டிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்து மணலைத் தள்ளி மூடினார்.

அந்த மணல்மேடு கடலைத் தடுத்து நிறுத்துவதால்தான் பின்னால் களப்பு இருக்கிறது. புந்தல, எம்பிலிகல, மலல, கொஹொலங்கல என்று நான்கு. மழை குறைந்த, காற்று ஓயாத அந்தப் பிரதேசத்தில் ஆழமில்லாத உப்புத்தண்ணீர் வெயிலில் வற்றினால் தானாக உப்புப் படியும். சிங்களத்தில் அப்படியான இடத்தை லேவாய என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃபின் நாட்குறிப்புகளில் உப்பு சேகரிப்பு திரும்பத் திரும்ப வருகிறது. அங்கு போவதற்கு முந்திய ஒரு வருடம் அவர் நம் கண்டிக் கச்சேரியில்தான் வேலை பார்த்தார்.

உப்பளத்தில் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றுவார்கள். முதல் பாத்தியில் ஏறக்குறையக் கடல்நீர். மீன் குஞ்சு இருக்கும், அதைத் தேடிக் கொக்கும் கூழைக்கடாவும் வரும். அடுத்த பாத்திகளில் உறைப்பு ஏற ஏற மீன் வாழாது. அங்கே நகக்கண்ணளவு உப்புநீர் இறால் பெருகும். மீன் இல்லாததால் அதைத் தின்ன ஆளில்லை, பறவையைத் தவிர. அதற்கும் பிறகு ஜிப்சம் முதலில் அடியில் படியும். அதைத் தாண்டிய நீரைக் கடைசிப் பாத்திக்கு விட்டால்தான் நல்ல வெள்ளை உப்பு. மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். அந்த ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொரு வகைப் பறவை. தொழிற்சாலை என்றால் இயற்கைக்கு எதிரி என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி எடுத்தவர்கள் நாங்கள். அங்கே தொழில் நடந்த இடமே பறவையின் பந்தியாக இருந்தது.

பூநாரைகளை அப்போதுதான் கண்டோம். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. யாரோ சேலை காயப்போட்டிருக்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். பிறகு அந்தக் கோடு எழும்பிப் பறந்தது. எண்ணப் பார்த்து, எண்ணூறு வரை வந்து கைவிட்டோம். அந்த நிறம் தின்கிற சாப்பாட்டிலிருந்து வருகிறது என்று டீச்சர் சொன்னார். அந்த இறாலும் நுண்பாசியும் கிடைக்காவிட்டால் பூநாரை வெளுத்துப்போகும்.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் எங்கள் அரைகுறைச் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் காலைத் தூக்கிப் பாதத்தைக் காட்டினார். வெடித்த வெடிப்பில் உப்பு ஏறி, சிவந்து கிடந்தது. பூநாரையை மறந்தாலும் அந்தப் பாதத்தை நான் மறக்கவில்லை. உப்பளத்தை மரபுரிமை என்று நான் இங்கே சொல்லும்போது அந்தக் காலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாங்கள் போனபோது அது சரணாலயம். 1969 இல் பிரகடனமானது. 1990 இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாயிற்று, 1993 இல் தேசியப் பூங்கா, 2005 இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோள ஒதுக்கிடம். இலங்கையில் முட்டையிட வரும் ஐந்து வகைக் கடலாமைகளும் அந்தக் கரையில் ஏறுகின்றன. பத்திராஜவெல என்ற இடத்தில் கிடைத்த கல்லாயுதங்களை ஏறக்குறைய 1,25,000 ஆண்டுப் பழைமையானவை என்று தொல்லியலாளர் சிரான் தெரணியகல கணித்திருக்கிறார்.

2019 பெப்ரவரியில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். யானை கண்டோம், முதலை கண்டோம், மயில் தாராளம். பூநாரை ஒன்றுகூட இல்லை. "இப்ப அது அதிஷ்டம் இருந்தால்தான்" என்றார் ஜீப் சாரதி.

ஏன்? அந்தப் பூங்காவில் ஒருவரும் பூநாரையைச் சுடவில்லை. நல்ல தண்ணீர் வந்ததுதான் வினை. 1980களின் நடுப்பகுதியில் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் நிறைந்து, மேலே வயல்கள் விளைந்தன. வயலில் வடிந்த நன்னீர் எம்பிலிகல, மலல களப்புகளுக்குள் இறங்கியது. உறைப்புக் குறைந்தது, உப்புத்தண்ணீரை நம்பிய சிற்றுயிர்கள் குறைந்தன, களப்பு இறாலும் குறைந்து மீனவர் பிழைப்பும் கெட்டது. தண்ணீர் ஏறி வயல் மூழ்கும்போது மணல்திட்டை வெட்டிக் கடலுக்கு விடச் சொல்வார்கள் ஒரு பகுதியினர். எப்போது வெட்டுவது என்பதில் மீனவருக்கு வேறு கணக்கு. இதில் யாரைக் குற்றம் சொல்வது? அந்த வயலில் விளைந்த சோற்றை நாமும் தின்றிருக்கிறோம். உப்பு நிலத்தைத் திருத்தவென்று 1950களில் கொண்டுவந்த சீமைக் கருவேல் இப்போது நாகதாளியோடு சேர்ந்து, பறவை மேய்ந்த வெளிகளை மூடுகிறது. அதுவும் நல்லெண்ணத்தில் நட்டதுதான். அம்பாந்தோட்டை நகரத்தின் கரகன் லேவாயவோ துறைமுகமாகவே ஆகிவிட்டது. 2010 இல் கப்பல் வந்தது.

மணல்மேட்டின் பெறுமதியை நாடு அறிந்தது 2004 டிசம்பர் 26 இல். அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்பாந்தோட்டையில் கடலுக்கும் லேவாயவுக்கும் நடுவே இருந்த தாழ்ந்த நிலத்தில் சந்தை கூடியிருந்தது. அங்கே நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் புந்தலவிலும் யாலவிலும் செடி மூடிய மணல்மேடு முறியாமல் நின்ற இடங்களில் அலை உள்ளே வரவில்லை. ஆற்று முகங்களில்தான் புகுந்தது. யாலவில் ஓர் உல்லாச விடுதிக்கு முன்னால், கடல் வடிவாகத் தெரியவேண்டும் என்று மணல்மேட்டின் ஒரு பகுதியை முன்பே அகற்றியிருந்தார்கள். பின்னர் ஆராய வந்த சர்வதேச அறிவியலாளர்கள் அதைப் பதிவு செய்தார்கள். அந்த விடுதி அழிந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1981 இல் எங்களோடு வந்த ஒருத்தியின் கையில் கமெரா இருந்தது. அவள் இப்போது கனடாவில். போன மாதம் தொலைபேசியில் கேட்டேன். அல்பத்தில் பூநாரைப் படம் இரண்டு இருக்கிறதாம், பின்பக்கம் திகதியும் எழுதியிருக்கிறாளாம். உங்களில் எத்தனை பேர் எந்தெந்த வருடச் சுற்றுலாவில் அந்தப் பக்கம் போனீர்களோ தெரியாது. லண்டனிலோ தோஹாவிலோ மாத்தளையிலோ உங்கள் பழைய அல்பத்தைப் பிரட்டிப் பாருங்கள். களப்பில் தண்ணீர் எதுவரை நின்றது, எத்தனை பறவை, மணல்மேட்டில் புல்லா கருவேலா என்பதெல்லாம் அந்த மங்கிய படங்களில் இருக்கும். ஒரு பிரதி எடுத்து, வருடமும் மாதமும் எழுதி, நம் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். நூலகப் பொறுப்பாசிரியை ஓர் இலாச்சியை அதற்கென்று ஒதுக்கித் தந்திருக்கிறார். கனடாவிலிருந்து வரும் இரண்டு படங்கள்தான் அதில் முதலாவது.