இடங்கழியார் காட்டிய இன்னருள்

(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சிவமயம்

  

அடியேன் எழுபது அகவை கடந்தவன். இளமையில் திருமடம் ஒன்றில் தங்கித் தமிழும் சித்தாந்தமும் பயின்றவன். பின்னர்ப் பள்ளித் தமிழாசிரியனாகப் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன். விழாக் குழுவினர் அடியேனை அழைத்து, "அன்றாட வாழ்வில் அன்பு" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளார்கள். பொருள் எளியது போலத் தோன்றுகின்றது. ஆயினும் அதனைப் பேசும் தகுதி எனக்கு உண்டா என்பதில் ஓர் ஐயம் நெடுங்காலமாக என் உள்ளத்தில் உண்டு. அதன் காரணத்தை இவ்வுரையின் இடையே மறைக்காமல் கூறுவேன்.

கருவறையில் அட்டபந்தன மருந்து சாத்தியதை உங்களிற் பலர் அறிவீர்கள். கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டினையும் கூட்டி, நெடுநேரம் இடித்து இளக்கி, திருவுருவமும் பீடமும் ஒன்றாகப் பொருந்துமாறு சாத்துவர். எட்டுப் பொருள்களுள் எதுவும் தனித்து நின்று இவ்வாறு பிணிப்பதில்லை. இடிபட்டு, இளகி, ஒன்றோடொன்று கலந்த பின்னரே பிணிக்கும் ஆற்றல் பிறக்கின்றது. குடும்பத்தையும் ஊரையும் பிணிக்கும் மருந்தும் இத்தகையதே. அது வாழ்நாளில் ஒருமுறை செய்யும் பெருஞ்செயலால் அமைவதன்று. நாள்தோறும் சிறிது சிறிதாகப் பயின்று வரும் நற்பழக்கங்களால் அமைவது.

இவ்வுண்மையை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்து மண்ணே அதற்குச் சான்று தருகின்றது. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில், விராலிமலைக்கு அப்பால் கொடும்பாளூர் என்னும் ஊர் உள்ளது. மதுரைக்குச் செல்லும் வழி சிவபெருமான் ஏந்திய சூலம் போல மூன்றாகப் பிரியும் இடம் என்று சிலப்பதிகாரம் குறிப்பது இவ்வூரையே. இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர் இதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். அம்மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலில் மூன்று விமானங்களுள் இரண்டு இன்றும் நிற்கின்றன; மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. அக்கோயிற் கல்வெட்டு, மல்லிகார்ச்சுனர் என்னும் துறவியார்க்கு அம்மன்னர் பெரியதொரு மடத்தை அளித்து, 50 துறவியர்க்கு அமுது படைக்க 11 ஊர்களையும் வழங்கினார் என்று கூறுகின்றது. பசித்தோர்க்குச் சோறிடுதல் அம்மண்ணின் மரபு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அக்கொடும்பாளூரில் அரசு வீற்றிருந்தவரே இடங்கழி நாயனார். அறுபத்து மூவருள் ஒருவர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் அவர் பெயரை ஓதி வணங்கினார். சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் அவர் வரலாற்றை விரித்தார். ஐப்பசித் திங்கள் கார்த்திகை நாளில் அவருக்குக் குருபூசை நிகழ்கின்றது.

வரலாறு மிகச் சுருக்கமானது. அடியார்க்கு நாள்தோறும் அமுதளித்து வந்த தொண்டர் ஒருவர் இருந்தார். கைப்பொருள் முற்றும் செலவாயிற்று, விருந்தோம்ப வழியில்லை. தொண்டு தடைப்படுவதை அவர் உள்ளம் பொறுக்கவில்லை. ஒருநாள் இரவில் அரசருடைய நெற்கூடத்தில் புகுந்து நெல்லை எடுத்தார். காவலர் அவரைப் பிடித்து அரசர்முன் கொண்டுவந்து நிறுத்தினர்.

அன்பர்களே! இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். களவு கையும் களவுமாகப் பிடிபட்டது. பிடித்தவர் அரசரின் காவலர். களவு போனது அரசரின் பொருள். தண்டனை விதிக்க அரசர்க்கு வேறு என்ன வேண்டும்? ஆயினும் இடங்கழியார் தண்டனை கூறவில்லை. வைது பேசவும் இல்லை. அவர் ஒரு கேள்வி கேட்டார்: ஏன் இவ்வாறு செய்தீர் என்பது அக்கேள்வி. அடியார்க்கு அமுதளிக்கும் கடமை முட்டுப்பட்டமையால் செய்தேன் என்றார் தொண்டர். அது கேட்ட அரசர் உள்ளம் இரங்கினார், இவரன்றோ எனக்கு உண்மையான கருவூலம் என்று கருதினார், அவரை விடுவித்தார். அம்மட்டோடு நின்றாரோ எனின், இல்லை. அடியார்கள் நெற்கூடத்தையும் நிதிக்கூடத்தையும் வேண்டியவாறு எடுத்துக் கொள்ளுமாறு நாடெங்கும் பறையறைவித்தார்.

அப்படியாயின் களவு செய்யலாம் என்று சேக்கிழார் கூறுகின்றாரோ என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். அன்று. காவலர் தம் கடமையைச் செய்தனர். அவர்மேல் அரசர் குறை காணவில்லை. பறையறைந்த பின் அந்நாட்டில் அடியார்க்காகக் களவு செய்ய வேண்டிய தேவையே இல்லாது ஒழிந்தது. குற்றத்தை நீக்கும் வழி தண்டத்தை மிகுத்தல் மட்டுமன்று, குற்றத்திற்குக் காரணமான குறையை நீக்குதலும் ஆகும் என்பதே இதன் கருத்து. கேட்டல், இரங்கல், குறை தீர்த்தல் என்னும் மூன்று படிகள் இதில் உள்ளன. இம்மூன்றனுள் முதற்படியாகிய கேட்டல் இல்லையேல் ஏனைய இரண்டும் பிறப்பதில்லை. இதுவே அடியேன் இன்று உங்கள்முன் வைக்க விரும்பும் ஒரே கருத்து.

இனி, முன்னர்ச் சொல்லிய என் ஐயத்தின் காரணத்தைக் கூறுகின்றேன். சத்துணவுத் திட்டம் 1982-ஆம் ஆண்டில் தொடங்கி, பின்னர் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் விரிந்த காலம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் நண்பகலில் தனக்கு இட்ட சோற்றில் பாதியை உண்டு, மீதியை இலையில் மடித்துப் புத்தகப் பைக்குள் மறைத்து வைப்பதை ஒருநாள் கண்டேன். பள்ளியிலேயே உண்ண வேண்டும் என்பது விதி. அவனை எழுப்பி நிறுத்தி, வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் கேட்கும்படி, "திருட்டுப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது?" என்று கடிந்தேன். என் சொல்லும் ஒரு கேள்வி போலத்தான் இருந்தது; ஆனால் விடையை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அன்று அது. பையன் தலை குனிந்தான், ஒன்றும் பேசவில்லை. அவ்வாரத்தில் அதே வகுப்பில் யான் நடத்திக்கொண்டிருந்த பாடம் எது தெரியுமோ? இடங்கழி நாயனார் வரலாறு!

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் அவன் வீடு தேடிச் சென்றேன். கூரை வீடு. கண்பார்வை மங்கிய பாட்டியும், பள்ளி செல்லும் வயது வாராத தங்கை ஒருத்தியும் இருந்தனர். தாயும் தந்தையும் வேலை தேடி வெளியூர் சென்றிருந்தனர். "அவன் கொண்டுவர்ற சோறுதான் ஐயா எங்க ரெண்டு பேருக்கும் பகல் சாப்பாடு" என்றார் பாட்டி. என் நா எழவில்லை. அன்று அப்பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் மீண்டும் பள்ளிக்கு வந்தான், நன்றாகப் படித்தான். ஆனால் அவ்வாண்டு முழுவதும் என் வகுப்பில் அவன் ஒரு ஐயம்கூட எழுப்பிக் கேட்டதில்லை. யான் ஒரு கேள்வியைக் கேளாது விட்டமையால், அவன் என்னிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் நின்றுபோயின. பெரிய புராணத்தை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, அதிலுள்ள அரசர் கேட்ட ஒரு சொல் கைவரவில்லை. கல்வி வேறு, பழக்கம் வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

அன்பர்களே! நம் நாட்டில் ஒருவரை ஒருவர் கண்டவுடன் சொல்லும் முகமனே ஒரு கேள்விதான்: "சாப்பிட்டீர்களா?" இதனை வெற்றுச் சடங்கு என்று எண்ணற்க. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது நீங்கள் பட்ட துன்பத்தை யான் கூற வேண்டுவதில்லை. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன; பல ஊர்களில் பல நாள் விளக்கெரியவில்லை. அந்நாட்களில் பேசாதிருந்த பங்காளிகளும் ஒருவர் வாயிலில் ஒருவர் நின்று, "வீடு தப்பியதா? சாப்பிட்டீர்களா?" என்று கேட்டதை யான் கண்டேன். விளக்கு மீண்டும் எரிந்தது, கேள்வி அணைந்தது. துன்பக் காலத்தில் தானே சுரக்கும் அன்பை இன்பக் காலத்திலும் வற்றாமல் காப்பதற்கே பழக்கம் என்பது வேண்டும்.

இன்று கைப்பேசி எல்லார் கையிலும் உள்ளது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் நம் பிள்ளைகள் அதன் வாயிலாகப் பெற்றோர் முகம் காண்கின்றனர். அஃது இறைவன் தந்த நன்மையே. ஆயின் அதே கருவியில் ஒருவரைப் பற்றிய பழிச்சொல் வந்தால், உண்மையோ என்று அவரையே கேளாமல் அக்கணமே பத்துப் பேருக்கு அனுப்பி விடுகின்றோம். அனுப்பும் முன் ஒருமுறை கேட்டல் நற்பழக்கம். மருமகள் சமையலில் உப்புக் குறைந்தால், வைவதற்கு முன் உடல்நலம் கேட்டல் நற்பழக்கம். பேருந்தில் நடத்துநர் கடுமையாகப் பேசினால், அவர் எத்தனை மணி நேரம் நின்றுகொண்டு வேலை செய்கின்றார் என்று எண்ணிப் பார்த்தல் நற்பழக்கம். எல்லாரும் எளிதிற் செய்யத்தக்க அறங்களைக் கூறுமிடத்துத் திருமூலர், பொருட்செலவு சிறிதும் இல்லாத இனிய சொல்லையும் ஓர் அறமாக வைத்தார். செலவில்லாத அவ்வறமே செய்தற்கு அரிதாயிருப்பது வியப்பன்றோ!

நம் மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய மணமேற்குடியிற் பிறந்தவர் குலச்சிறை நாயனார், பாண்டியன் அமைச்சர். அடியார்கள் எக்குலத்தினராயினும், நற்குணம் உடையவராயினும் இல்லாதவராயினும், கூட்டமாக வரினும் தனியாக வரினும் ஒரே தன்மையாக வணங்கி அமுதளித்தவர் அவர் என்று பெரிய புராணம் கூறும். கூட்டமாக வருவோரை மதித்தல் எளிது. தனியே, பெயரில்லாமல், பரிந்துரை இல்லாமல் வந்து நிற்பவரை மதிப்பதே அரிது. இன்று இவ்விழாவில் அன்னதானப் பந்தியின் கடைசியில் நிற்கும் முதியவளை யார் வரவேற்கின்றாரோ, அவர் குலச்சிறையார் வழியில் நிற்பவர் என்க.

இறுதியாக ஒன்று. கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்ப்பக்கங்களில் ஆடி, ஆவணித் திங்கள்களில் நடைபெறும் மொய் விருந்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். பலர் கூடி விருந்து வைப்பர். உண்டவர் மொய் எழுதுவர். பெற்றவர் பின்னர் அதனைக் கூட்டித் திருப்பிச் செய்வர். நலிந்த குடும்பத்தை ஊர் கூடித் தூக்கி நிறுத்தும் நல்ல மரபு அது. அடியேன் அதனைக் குறை கூறேன். ஆயினும் அதற்கு நோட்டு உண்டு, கணக்கு உண்டு. இடங்கழியாரின் நெற்கூடத்திற்கு நோட்டு இல்லை. இருவகை அன்பும் ஊருக்கு வேண்டும். நோட்டில் எழுதிய அன்பு ஊரை நிமிர்த்தும்; எழுதாத அன்பு ஊரை இளக்கும். இம்மலரில் நன்கொடையாளர் பெயர்கள் அச்சாகியுள்ளன. அது முறையே, பிறர்க்கும் ஊக்கம் தரும். அப்பெயருடையோர் அனைவரும், எந்த மலரிலும் அச்சாகாத ஒரு நற்செயலை நாள்தோறும் செய்து வருவாராயின், இத்திருப்பணி நிறைவு பெறும்.

அட்டபந்தனத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக்குதல் மரபு. உள்ளத்தின் பந்தனமோ ஒரு நாளைக்கு மேல் தாங்காது. அதனை வைகறைதோறும் புதிதாக இடித்துச் சாத்த வேண்டும். நாளைக் காலை உங்கள் வீட்டில் யாரேனும் தவறு செய்யக்கூடும். சினம் எழும். அப்போது கொடும்பாளூர் அரசரை நினைமின். நாவில் முதலில் வருவது "ஏன் அப்பா? என்ன ஆயிற்று?" என்னும் சொல்லாகுக. விடை வரும்வரை பொறுத்திருமின். அவ்வளவே அடியேன் வேண்டுவது. பல்லாண்டுகட்கு முன் ஒரு வகுப்பறையில் யான் கேளாது விட்ட கேள்வியை, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் இல்லத்தில் கேட்பீர்களாயின், அடியேனுடைய கடனும் ஒருவாறு தீரும்.

ஊர் செழிக்க! உயிர்கள் இன்புறுக! எல்லாம் வல்ல இறைவன் திருவருள் யாவர்க்கும் பெருகுக!

திருச்சிற்றம்பலம்