ரசீது கேட்கும் துணிவு வேண்டும்

(சாகணில் ஞாயிறன்று நடந்த தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் சங்க உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடிச் சாகணுக்கு வந்த நாம், சர்க்கார் ஆபீஸ் சன்னலில் முதலில் கற்றுக்கொண்ட மராத்தி எது? "உத்யா யா." நாளை வாருங்கள். மரியாதையான சொல்தான். ஆனால் உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு அதன் பொருள் என்ன? ஒரு ஷிப்டு போயிற்று, ஒரு நாள் கூலி போயிற்று என்பதுதான். மூன்றாவது "உத்யா யா" கேட்டுத் திரும்பும்போது வாசலில் நிற்கும் தரகர் நம் தோளில் கை போடுகிறார். "சாய்பாணிக்குக் கொஞ்சம் கொடுங்கள், மாலைக்குள் முடித்துத் தருகிறேன்" என்கிறார். நாமும் கணக்குப் போடுகிறோம். இழக்கும் கூலியைவிடக் கேட்கும் லஞ்சம் குறைவு. கொடுத்துவிடுகிறோம்.

அந்தக் கணக்கைப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதை ஒப்புக்கொள்ளவே இங்கே நிற்கிறேன்.

என் இளைய மகள் பிறந்தபோது பிறப்புச் சான்றுக்காக ஓர் அலுவலகத்திற்கு நான்கு முறை நடந்தேன். ஐந்தாம் முறை தரகரிடம் 1500 ரூபாய் கொடுத்தேன். அன்று மாலையே தாள் கைக்கு வந்தது. ஏதோ சாதித்துவிட்டவன் போல வீட்டுக்கு வந்தேன். பிறகுதான் தெரிந்தது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, 21 நாட்களுக்குள் தெரிவித்த பிறப்பைப் பதியக் கட்டணம் கிடையாது. முதல் சான்றும் இலவசம். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை என்றால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியதே அந்த ஆஸ்பத்திரியின் கடமை. என் மகளுக்குச் சொந்தமான தாளை நான் விலைக்கு வாங்கினேன், தோழர்களே! நான் கொடுத்த 1500 ரூபாய்தான் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவருக்கு விலைப் பட்டியல் ஆயிற்று.

ஒரு தாள்தானே என்று எண்ணாதீர்கள். 2023-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைக்குப் பள்ளியில் சேரவும், வாக்காளர் பட்டியலில் ஏறவும், பாஸ்போர்ட் எடுக்கவும், அரசு வேலைக்குப் போகவும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்று ஒன்றுதான் ஆதாரம். அலைச்சலுக்கு அஞ்சிப் பதியாமல் விட்டு, ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதற்கு எத்தனை "உத்யா யா" கேட்க வேண்டியிருக்கும்!

நாம் தமிழர்கள் என்பதால்தான் இப்படி என்று சிலர் சொல்கிறார்கள். அது முழு உண்மையல்ல. சாகண் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவரும் மராத்தி விவசாயியும் அதே சன்னலில்தான் நிற்கிறார். பீகார்த் தோழரும் அங்கேதான் நிற்கிறார். நம் ஊர்த் தாலுகா ஆபீசில் மட்டும் பாலும் தேனுமா ஓடுகிறது? மொழி தெரியாததால் நம்மிடம் பறிப்பது சுலபமாகிறது, அவ்வளவுதான். லஞ்சம் என்பது வேலைக்கான கூலி அல்ல. நம் அறியாமைக்கும் தனிமைக்கும் நாம் கட்டும் அபராதம்.

அறியாமையை முதலில் பார்ப்போம். மகாராஷ்டிராவில் 2015 முதல் பொதுச் சேவை உரிமைச் சட்டம் இருக்கிறது. பிறப்புச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று போன்றவற்றை எத்தனை நாளில், என்ன கட்டணத்தில், எந்த அதிகாரி தர வேண்டும் என்பதை அலுவலகத்தில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு எண் தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நாள் தவறினால் மேல்முறையீடு செய்யலாம். தவறு செய்த அதிகாரிக்கு 500 முதல் 5000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் இதற்கெல்லாம் விண்ணப்பம் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும். ஆகவே இன்னொரு மராத்திச் சொல்லையும் கற்றுக்கொள்வோம்: "பாவ்தி த்யா." ரசீது கொடுங்கள்!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பின், லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்குத் தண்டனை இல்லை. கேட்ட உடனே, கொடுக்கும் முன்பே, மகாராஷ்டிர லஞ்ச ஒழிப்புத் துறையை 1064 என்ற எண்ணில் கூப்பிடலாம். ரசாயனம் தடவிய நோட்டோடு ஆளைப் பிடிப்பதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அது இப்படிப்பட்ட புகாரில்தான் தொடங்குகிறது.

அடுத்தது தனிமை. ஆபத்தே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இங்கிருந்து சாலை போய்ச் சேரும் தளேகாவ் தாபாடேயில், நில மோசடிகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிக்கொணர்ந்த சதீஷ் ஷெட்டி, 2010 ஜனவரி 13 அன்று காலை நடைக்குச் சென்றபோது வெட்டிக் கொல்லப்பட்டார். பெரிய கொள்ளையை எதிர்த்தவருக்கு நேர்ந்த கதி அது. நாம் கேட்பது ஒரு ரசீது. அதையும்கூட ஒருவர் தனியாகக் கேட்க வேண்டாம் என்பதே அந்தச் சாவு எனக்குச் சொல்லும் பாடம்.

சென்னையில் 'ஐந்தாவது தூண்' என்ற அமைப்பு 2007-இல் பூஜ்ய ரூபாய் நோட்டு அச்சிட்டது. லஞ்சம் கேட்பவரிடம் அதை நீட்ட வேண்டும். வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்ற உறுதிமொழி அதில் இருந்தது. கடையில் செல்லாத அந்தத் தாளுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? அதை நீட்டுகிறவருக்குப் பின்னால் நாலு பேர் இருக்கிறார்கள் என்பதிலிருந்துதான்.

அந்த நாலு பேராக நாம் இருப்போம். என் யோசனை மூன்று. சான்று வேண்டியவர் ஞாயிற்றுக்கிழமை இங்கே வரட்டும். மராத்திப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் விண்ணப்பம் எழுதித் தரட்டும். ஷிப்டு இல்லாத இருவர் உடன் செல்லட்டும். வந்த ரசீது எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைப்போம். நாள் தவறினால் மேல்முறையீட்டை எல்லோரும் சேர்ந்து எழுதுவோம். பக்கத்து அறை மராத்தித் தோழரையும் பீகார்த் தோழரையும் சேர்த்துக்கொள்வோம்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நான் கொடுத்த 1500 ரூபாயை நானே எழுதுகிறேன். இனிமேல் எழுதும் பக்கங்களில் லஞ்சக் கணக்கு இருக்கக் கூடாது, ரசீது எண்களே இருக்க வேண்டும். "உத்யா யா" என்று சொல்பவரிடம் இனி நாம் சொல்லப்போவது: "பாவ்தி த்யா!"