துப்பாக்கியும் தொலைநோக்கியும்



கடலும் பாறையும் மாறுவதில்லை. அவற்றை நாடிச் செல்லும் மனிதனின் கருத்துதான் மாறுகிறது. ஒரே படகுப் பயணம் ஒரு காலத்தில் கொலையாகவும், மற்றொரு காலத்தில் கல்வியாகவும் இருக்கக்கூடும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், யார்க்ஷையரைச் சேர்ந்த ஃபிளாம்பரோ முனை இதற்குச் சிறந்த சான்று. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பிரிட்லிங்டன் என்னும் சிறிய துறைமுகத்திலிருந்து ஒரு ஜூன் மாதக் காலையில் படகேறினேன். முனையைச் சுற்றி வந்ததும், தூய வெண்ணிறச் சுண்ணப் பாறை மதில்போல் எழுந்து நின்றது. பெம்ப்டன் என்னுமிடத்தில் அதன் உயரம் ஏறத்தாழ 100 மீட்டர். கண்ணுக்குப் புலப்படாத கடற்பாசிகளின் ஓட்டுத் துகள்கள், டைனோசார்கள் வாழ்ந்த காலத்தில் கடலடியில் படிந்து இறுகியதே இப்பாறை.

இதனைக் குடைந்து குகைகள் செய்தது அலையே. பாறையின் வெடிப்பில் அலை மோதும்போது உள்ளேயுள்ள காற்று நெருக்குண்டு பிளவை அகற்றுகிறது. அலையோடு வரும் கூழாங்கற்கள் அரம்போல் அராவுகின்றன. வெடிப்பு குகையாகிறது. குகை மறுபுறம் திறந்துகொண்டால் வளைவாகிறது. வளைவின் கூரை இடிந்து வீழ்ந்தால், கரையை விட்டுப் பிரிந்து கடலில் தனித்து நிற்கும் தூணாகிறது. இம்மூன்று நிலைகளையும் ஒரே பயணத்தில் அங்கே காணலாம்.

ஆனால் பாறையைப் பார்க்குமுன்பே நம்மை வரவேற்பவை பறவைகளின் ஆரவாரமும் எச்சத்தின் நாற்றமுமே! கோடையில் அங்கே கூடும் கடற்பறவைகள் சுமார் 5 லட்சம். பொன்னிறத் தலையுடைய கானெட் பறவை, சிறகை மடக்கி அம்புபோல் கடலில் பாய்ந்து மீனைப் பற்றுகிறது. கிட்டிவேக் என்னும் சிறு கடற்காகம் தன் பெயரையே கூவிக்கொண்டு, கையகலப் பாறை விளிம்பில் மண்ணும் புல்லும் கொண்டு கூடு கட்டுகிறது. கில்லிமாட்டோ கூடே கட்டுவதில்லை. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டையிடுகிறது. ஒவ்வொரு முட்டையின் நிறமும் கோலமும் வெவ்வேறு. ஆயிரம் முட்டைகளுக்கிடையே தன் முட்டையைத் தாய் அறிந்துகொள்கிறது. குஞ்சு பிறந்து மூன்று வாரமானதும், பறக்கத் தெரியாத நிலையிலேயே உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறது. கீழே காத்திருக்கும் தந்தை அதனை அழைத்துக்கொண்டு நடுக்கடலுக்கு நீந்திச் செல்கிறது.

இத்தகைய இடத்திற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயிலேறி வந்தவர்கள் எதற்காக வந்தனர் தெரியுமா? படகில் அமர்ந்து பறவைகளைச் சுட்டு விளையாடுவதற்காக! சுட்ட பறவைகளுள் பல எடுக்கப்படாமலே அலையில் மிதந்தன. சீமாட்டிகளின் தொப்பிகளை அலங்கரிக்கக் கிட்டிவேக்கின் சிறகுகள் வேண்டப்பட்டன. உயிரோடிருக்கும்போதே சிறகை வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் எறிந்தவர்களும் உண்டு. இவையெல்லாம் குஞ்சு பொரிக்கும் காலத்திலேயே நடந்தன. தாய் திரும்பாத கூட்டில் குஞ்சுகள் பட்டினியால் மடிந்தன.

இக்கொடுமைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்கள் பலர். பிரிட்லிங்டன் பகுதியின் பாதிரிமார்கள் சங்கம் கண்டனர். ஆல்பிரட் நியூட்டன் என்ற விலங்கியல் பேராசிரியர் 1868இல் அறிஞர் மாநாட்டில் இதைப் பற்றி உரையாற்றினார். பனிமூட்டத்தில் பறவைகளின் ஓசை கேட்டே பாறை அருகிலிருப்பதை அறிந்து கப்பலைத் திருப்புவோம் என்று மாலுமிகளும் சொன்னார்கள். கிறிஸ்டபர் சைக்ஸ் என்னும் உறுப்பினர் பாராளுமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவர, 1869இல் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. குஞ்சு பொரிக்கும் பருவத்தில் சுடுவது குற்றமாயிற்று. எனினும் முட்டைகளை அச்சட்டம் காக்கவில்லை. கயிற்றில் இறங்கி முட்டை திரட்டும் தொழில் பெம்ப்டனில் தொடர்ந்தது; 1954ஆம் ஆண்டின் சட்டமே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒரு நீதி முழுமையடைய எண்பத்தைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன!

இன்று அதே துறைமுகத்திலிருந்து தொலைநோக்கியுடன் மக்கள் செல்கின்றனர். எனினும், துப்பாக்கி இல்லாவிட்டால் தீங்கில்லை என்று எண்ணிவிடக் கூடாது. படகு மிக நெருங்கினாலோ திடீரென இரைந்தாலோ பறவைகள் அஞ்சி ஒருசேரப் பறக்கும். முட்டைகள் உருண்டு விழும். காவலற்ற குஞ்சுகளைப் பெருங்கடற்காகங்கள் கவர்ந்து செல்லும். ஆகவே நல்ல படகோட்டி விலகி நின்றே காட்டுவான்.

கண்ணில் படாத தீங்குகளும் உள்ளன. 2022இல் பறவைக் காய்ச்சல் பிரிட்டனின் கடற்பறவைகளை வாட்டியது. கிட்டிவேக்கின் முக்கிய உணவு மணல்விலாங்கு என்னும் சிறு மீன். அதனை ஆலைகளுக்காக வாரியெடுப்பதும், கடல்நீர் வெப்பமடைவதும் குஞ்சுகளின் உணவைக் குறைக்கின்றன. இதை உணர்ந்தே 2024இல் வடகடலின் இங்கிலாந்துப் பகுதியில் அம்மீனைப் பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது.

நண்பர்களே, 1869இல் மக்கள் தம் கண்ணெதிரே சிந்திய இரத்தத்தைக் கண்டு இரங்கினார்கள். அது எளிது. காணாத பசிக்கும் இரங்குவது அதனினும் அரிது. பட்டினி கிடக்கும் குஞ்சின் பசியைத் தொலைநோக்கி காட்டாது, அறிவுதான் காட்டும். அந்த அறிவைத் தேடுவதே உங்கள் பருவத்திற்குரிய கடமை.