திருத்தச் சீட்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கற்றறிந்தோர் பலர் அமர்ந்திருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வெழுதி எழுத்தனான நான், கணிப்பொறி மென்பொருளைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மென்பொருளை ஆக்கும் வித்தை எனக்குத் தெரியாது. அதனைப் பயன்படுத்தும் முறையைச் சொல்லும் விளக்க ஏட்டைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றேன்.

திறந்த மூல மென்பொருள் என்பது யாது? அதன் மூல நிரலை எவரும் காணலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இவ்வகையைச் சார்ந்தது. 2010ஆம் ஆண்டில் தோன்றிய லிபர்ஆபீஸும் அத்தகையதே. நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு இன்று அதில்தான் எழுதப்படுகின்றது. முகமறியாத பல்லாயிரவர் கூடி இழுக்கும் தேர் இது என்றால் மிகையாகாது.

ஆயினும் இத்தேருக்கு ஒரு குறை உண்டு. கிட்ஹப் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வொன்றில், பங்கேற்றோருள் நூற்றுக்கு 93 பேர், விளக்க ஏடுகள் நிறைவுபெறாமலோ காலங்கடந்தோ கிடப்பதைக் கண்டதாகக் கூறினர். அதே ஆய்வில், பங்களிப்போருள் நூற்றுக்கு 60 பேர், விளக்கம் எழுதுவதில் தாம் ஈடுபடுவது அரிது, அல்லது இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டனர். காரணம் தெளிவு. வீட்டைக் கட்டியவனுக்கு வாயிற்படி எங்கே என்று எவரும் சொல்ல வேண்டுவதில்லை. ஆகையால் வழி எழுதி வைக்க அவனுக்குத் தோன்றுவதுமில்லை.

இதனால் விளையும் துன்பத்தை நான் நேரில் அறிந்தேன். நம் நூலகப் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஒரு திறந்த மூல நிரலைத் தேர்ந்தேன். அதன் விளக்க ஏட்டில் மூன்றாம் படி, ஒரு பொத்தானை அழுத்துமாறு கூறிற்று. அப்படியொரு பொத்தான் என் திரையில் இல்லை. இரண்டு இரவுகள் தேடினேன். “பத்தாம் வகுப்புக்காரனுக்கு இது எட்டாது” என்று முடிவு கட்டி மூடிவிட்டேன்.

கல்லூரியில் பயிலும் என் மகள் அதைப் பார்த்துவிட்டு, “அப்பா, இந்த ஏடு பழைய பதிப்புக்கு எழுதியது. புதிய பதிப்பில் அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டார்கள்” என்றாள். மூன்றாம் படி மட்டும் மாறியிருந்தது. மற்றவை யாவும் சரி.

அன்பர்களே! அப்போதுதான் எனக்கு முன் நூலகத்தைக் காத்துவந்த பெரியவர் நினைவுக்கு வந்தார். அவரும் இதே நிரலை முயன்றவர். “எனக்கு வயதாகிவிட்டது, தம்பி, இது என்னால் ஆகாது” என்று சொல்லி, மீண்டும் கையெழுத்துப் பேரேட்டுக்கே திரும்பியவர். இன்று அவர் சொந்த ஊரில் இருக்கின்றார். தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பின்பு, “அப்படியென்றால் தப்பு என் மேல் இல்லையா, தம்பி?” என்று கேட்டார். அக்கேள்வி இன்னும் என் செவியில் ஒலிக்கின்றது.

எங்கள் அலுவலகத்தில் விதிநூல்கள் உண்டு. விதி மாறும்போது நூல் முழுவதையும் மீண்டும் அச்சிடுவதில்லை. எண்ணும் நாளும் இட்ட திருத்தச் சீட்டு வரும். அதனைக் கத்தரித்து, உரிய பக்கத்தில் கோந்து தடவி ஒட்டுவது எழுத்தர் வேலை. நான் பல ஆண்டுகள் செய்த வேலை அது. சீட்டை ஒட்டாத விதிநூல், நூலே இல்லாமையினும் கேடானது. ஏனெனில் அதனை நம்பி ஒருவர் நடப்பார்.

“இங்கே சீட்டு ஒட்டுவது யார்?” என்று மகளைக் கேட்டேன். “யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், அப்பா. நீங்களே ஒட்டுங்கள்” என்றாள். நான்கு வரி எழுதி அனுப்பினோம். நிரலைப் பேணுவோர் பழைய வரியையும் புதிய வரியையும் அருகருகே வைத்துப் பார்த்து, “எந்தப் பதிப்பில் கண்டீர்கள்?” என்று வினவினர். பதிப்பெண்ணைக் குறிக்க நானும் மறந்திருந்தேன்! அதனைச் சேர்த்தனுப்பியதும் ஏற்றுக்கொண்டனர்.

இதிலிருந்து நான் கற்றவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன். எந்தப் பதிப்புக்கு உரியது என்பது ஏட்டின் தலைப்பிலேயே இருக்க வேண்டும். தொடங்குமுன் என்னென்ன ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அடுத்து வர வேண்டும். ஒரு படியில் ஒரு செயலே இருத்தல் வேண்டும். அதைச் செய்தபின் திரையில் என்ன தோன்றும் என்பதும், தோன்றாவிடில் என்ன செய்வது என்பதும் கூடவே வேண்டும். கால அட்டவணையும் விதிநூலும் ஒரே புத்தகம் அல்ல. அதுபோலப் புதியவருக்கு உரிய பாடமும், அறிந்தவர் புரட்டிப் பார்க்கும் அகராதியும் தனித்தனியே இருத்தல் நன்று. குறையையும் மறைக்கலாகாது. 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளிட்டு வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தம் நிரல்களின் பிழைகளைச் சொல்லவே தனியொரு தலைப்பு வைத்திருந்தனர். அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

எழுதி முடித்தபின், அறியாத ஒருவரிடம் ஏட்டைக் கொடுத்துவிட்டு, வாய் திறவாமல் அருகில் அமருங்கள். அவர் எங்கே தயங்குகின்றாரோ அங்கேதான் உங்கள் பிழை இருக்கின்றது.

மென்பொருள் துறையில் பணிபுரியும் இளைஞர்களே! நிரலை மாற்றும் அன்றே ஏட்டையும் மாற்றுங்கள். நாளை என்று தள்ளிய சீட்டு, ஒட்டப்படாமலே போகும். முதியோர்களே, தாய்மார்களே! எங்களுக்கு ஒன்றும் தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். தெரியாதவர் கண்ணுக்கே விடுபட்ட படி தெரியும். ஆகையால் இந்தப் பணிக்கு உங்கள் அறியாமையே தகுதி.

மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் நூலக அறையில் கூடுவோம். ஒருவர் ஏட்டைப் படிக்கட்டும். ஒருவர் செய்து பார்க்கட்டும். ஒருவர் தடுமாறிய இடத்தைக் குறிக்கட்டும். மாதம் ஒரு பக்கம் திருந்தினாலும் போதும். தம்மைத் தாமே அறிவிலி என்று நொந்துகொண்டு திரும்பும் ஒருவரையாவது நாம் தடுத்திருப்போம்.