கூரையைப் பிரித்த நால்வர்



இன்பத்திலும் துன்பத்திலும் விசுவாசத்தில் நிலைத்திருப்பது பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் போதகர் அல்ல. கிளினிக்கில் பிரஷர் பார்க்கும் வைத்தியர். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிரஷர்காரர் பலர் குளிசையை நிறுத்துவது சுகமாக இருக்கும் நாட்களில்தான். "இப்ப ஒண்டும் செய்யேல்லை டொக்டர், அதுதான் விட்டிட்டன்" என்பார்கள். உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் நோவு காட்டாது. ஜெபத்தை விடுவதும் இப்படித்தான் நடக்கிறது. பத்துக் குஷ்டரோகிகள் சுகம் பெற்றதாக லூக்கா எழுதுகிறார். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று நான் நினைப்பதில்லை. சுகம் வந்ததும் வேலையும் வந்திருக்கும்.

எங்கள் வயதினருக்குத் துன்பகால விசுவாசம் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனங்கள் நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது நான் பத்தாம் வகுப்பு. தென்மராட்சியில் ஓலைக் கொட்டிலில் வகுப்பு, ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. ஆனாலும் காலை வழிபாடு நிற்கவில்லை. சைவப் பிள்ளைகளும் எங்களோடு கண்மூடி நின்றார்கள். பிடிப்பதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. பிறகு ஊர் திரும்பினோம், பாதை திறந்தது, வீடு கட்டினோம். ஜெபம் பிள்ளைகளின் பரீட்சைக்கும் விசா நேர்முகத்துக்கும் என்று சுருங்கியது. (இதற்குச் சிரிப்பவர்கள் எல்லோரும் விசா எடுத்தவர்கள்.)

உடுவிலில் பணிசெய்த எலைசா அக்னியூ அம்மையாரை நினைக்கிறேன். 1840 இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர், 1883 இல் மானிப்பாயில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாயகம் போகவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவிகள் அவரிடம் படித்தார்கள். அந்த 43 ஆண்டுகளில் பெரும்பாலானவை மணி அடித்து, பாடம் சொல்லி, ஜெபித்து உறங்கிய சாதாரண நாட்களாகவே இருந்திருக்கும். வாந்திபேதி ஊரை வாட்டிய நாட்களில் அவரைத் தாங்கியது அந்தச் சாதாரண நாட்களின் பழக்கமே என்பது என் எண்ணம்.

அதற்காக, நிலைத்தவர்கள் தளர்வதேயில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2021 ஆவணியில் கொரோனாவில் என் அம்மா காலமானார். வைத்தியராக இருந்தும் கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. மூடிய பெட்டியைத் தகனத்துக்கு எடுத்துச் சென்றார்கள். அதன்பின் பல மாதங்கள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. வேதாகமத்தைத் திறந்தால் 88 ஆம் சங்கீதத்தைத் தவிர வேறெதுவும் வாசிக்க ஓடாது. புலம்பற் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கையில் வந்து முடியும். இது இருளிலேயே முடிகிறது. அதை வேதாகமத்தில் விட்டுவைத்தவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த நாட்களில் என் வகுப்புத் தோழியர் நால்வர் வெள்ளி இரவு 8 மணிக்குத் தொலைபேசியில் கூடினார்கள். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் அழைப்பை எடுக்கவும் மாட்டேன். அவர்கள் எனக்காக ஜெபித்துவிட்டே வைப்பார்கள். மாற்கு 2 ஆம் அதிகாரத்தில் ஒரு திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் என்ன நம்பினான் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஞாயிறு பாடசாலையில் எத்தனையோ முறை கேட்ட கதை. 'அவர்களுடைய' என்ற சொல் நாற்பது வயதுக்குப் பிறகுதான் என் கண்ணில் பட்டது.

அந்த நால்வரில் ஒருத்தி இப்போது கனடாவில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுகிறாள். வெள்ளி 8 மணிக்கு நாங்கள் அழைக்கிறோம். அங்கே அப்போது காலை. போன வெள்ளி அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை.